சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்

தேவசகாயம் இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தெரிந்துவிடும். உட்காராமல் ஜன்னலோரம் நின்று திரைச்சீலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், வாங்குகிற உத்தேசமே இல்லாமல் புடவைக் கடையில் துணியை நோண்டுகிறவர்கள் மாதிரி. மெல்லிசுத் துணியாக இருந்தால் சத்தம் கண்ணாடியில் மோதித் திரும்பி வருமாம். வரட்டும், வந்தால் அதற்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டு சாருமதி தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றாள். ஹாலில் மின்விசிறி ஓடவில்லை. பாட்டுக் கேட்கிற நேரத்தில் இந்த வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, ஃபிரிட்ஜைக்கூட அணைத்துவிட வேண்டும், அது உறுமுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை அணைத்ததைத் திரும்பப் போட மறந்து, திங்கட்கிழமை காலையில் திரிந்த பாலை அவள் சிங்க்கில் கொட்டும்போது, ஒரு பாக்கெட் பாலுக்கா இந்த முகம் என்பார் அருணகிரி. அருணகிரி அவள் கணவர். பெயிண்ட் கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு மாடி முழுக்க ஆட்களை அதட்டிப் பழகிய தொண்டைக்கு இங்கே கிடைத்தது ஒருத்தி. அந்தத் தொண்டை இன்றைக்குத் தேனாக ஒழுகிற்று. "திரையை மாத்திடலாம் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே மாத்திடலாம்." போன தீபாவளிக்கு அவள் மாற்றச் சொன்ன திரை அது. அப்போது, இருக்கிறது கிழியட்டும் என்றார். கிழிந்தது என்னவோ அவள்தான். தேவசகாயம் சொன்னால் வீட்டுச் சுவரைக்கூட இடித்துவிடுவார், ஏனென்றால் தேவசகாயம் வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் கொடிகட்டிப் பறந்து இப்போது இசை கேட்போர் வட்டத்துக்குத் தலைவராக இருக்கிறார், வருஷா வருஷம் ஜனவரியில் எழும்பூரில் ஒரு ஹாலை எடுத்து அந்த வட்டம் கூடுகிறது, உறுப்பினர் ஒருவர் தன் கையால் செய்த ஸ்பீக்கர் ஜோடியை அன்றைக்கு மேடையில் வைத்து, எப்படிச் செய்தேன் ஏன் செய்தேன் என்று பேசி, எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார். யாருடைய ஜோடி என்பதை வீடு வீடாகப் போய்க் காப்பி குடித்துத் தீர்மானிக்கிறவர் தேவசகாயம். அருணகிரி இந்தக் காப்பிக்காகக் காத்துக்கிடக்கிறார். வேலையை விட்டு வந்த நாள் முதலாக வேறு எதற்காகவும் அவர் இத்தனை ஏங்கியதை அவள் பார்த்ததில்லை. அவளுக்காக ஏங்கியதை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை.

அவருடைய ஏக்கத்தின் பலன் ஹாலின் எதிர்ச் சுவரில் இரண்டாக நின்றது. ஒரு சாண் அகலம், மார்பு உயரம், தேக்கு மெருகு, இழைத்தெடுத்த மாதிரி ஒல்லியாக இரண்டு பெட்டிகள். நோன்பிருந்து இளைத்த இரண்டு கன்னியாஸ்திரீகள் என்று முதல் நாளே அவள் மனசுக்குள் பெயர் வைத்துவிட்டாள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரே ஒரு காகிதக் கூம்பு, உள்ளங்கை அளவு. அதுதான் விஷயம், அந்த ஒன்றுதான். கடையில் விற்கிற பெட்டிகளில் கனத்த சத்தத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, கீச்சுச் சத்தத்துக்கு ஒன்று என்று அடுக்கி வைத்திருப்பார்களாம், பாட்டைத் துண்டு போட்டு மூன்று பேருக்குப் பங்கு கொடுக்கிற வேலையாம் அது. இது அப்படியில்லை, எல்லாமே ஒரே கூம்பிலிருந்து வரும். "மனுஷனுக்கு மூணு வாயா இருக்கு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். இருந்திருந்தால் மூன்றாலும் இதையேதான் பேசிக்கொண்டிருப்பார். பெட்டிகளுக்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி, அதன் நான்கு காலுக்கும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி இடம் குறித்திருந்தது. அந்த ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தான் பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமேயில்லாத வெறும் சுவருக்கு முன்னால், சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுகிற உயரத்தில் இருப்பாளாம். பெருக்கும்போது அந்த நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. அவர் பேங்க்குக்குப் போயிருந்த ஒரு காலையில் சாருமதி கதவைத் தாழிட்டுவிட்டு அதில் உட்கார்ந்து பார்த்தாள். உண்மைதான். வெறுஞ்சுவருக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மூச்சு வாங்கினாள், உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. உண்மையாக இருந்ததுதான் எரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் மன்னித்துக்கூட இருக்கலாம்.

"அண்ணி, தட்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்களே, காப்பி எங்களுக்கா சாமிக்கா?" என்றார் மெய்யப்பன். கீழ்த்தளத்துக்காரர், மோட்டார் பம்ப் வியாபாரம், வட்டத்தில் அவர் உறுப்பினராக இருப்பது பாட்டுக்காகவா பலகாரத்துக்காகவா என்று தேவசகாயத்துக்கே சந்தேகம் உண்டு. "சாமியா இருந்தா திருப்பி வச்சுடும், நீங்க டம்ளரையும் கழுவிக் குடிப்பீங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டை நீட்டினாள். மெய்யப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். அருணகிரி சிரிக்கவில்லை, மெய்யப்பனின் வாயைப் பார்த்துவிட்டு, அது சிரிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் சிரித்தார். அதை அவள் பார்த்தாள். பார்த்து, ஒரு ஓரமாக வைத்தாள். தேவசகாயம் காப்பியை வாங்கி, நின்றபடியே ஒரு வாய் குடித்து, "நல்ல டிகாக்ஷன் மேடம்," என்று சொல்லிவிட்டு, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சள் டேப்பைத் தாண்டாமல் உட்கார்ந்தார், விஷயம் தெரிந்தவர். சாருமதி சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கு வழக்கமாக இந்தக் கச்சேரியில் இடமில்லை, உனக்கென்ன தெரியும் போ என்பதுதான் அவளுடைய டிக்கெட். இன்றைக்கு விரட்ட அவருக்கு நேரமில்லை. இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கட்டும். வியாழக்கிழமையிலிருந்து அவள் காத்திருப்பது இதற்காகத்தான்.

வியாழக்கிழமை நடந்தது தற்செயல், அதில் சத்தியம் செய்வாள், வெள்ளியும் சனியும் தற்செயல் இல்லை, அதையும் சத்தியம் செய்து சொல்வாள். பெட்டிகளின் பின்னால் தூசி தட்டப் போன வாக்குவம் கிளீனர் குழாய் இடது பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டது, சிவப்பும் கறுப்புமாக இரட்டை ஒயர். கண்ணாடி சமையலறையில் இருந்தது. இரண்டு திருகு, இரண்டு ஒயர், குனிந்து கைக்குத் தட்டுப்பட்ட திருகில் கைக்கு வந்த ஒயரைச் செருகி முறுக்கிவிட்டு மறந்துபோனாள். சாயங்காலம் அவர் இசைத்தட்டைப் போட்டதும் அவளுக்குச் சமையலறையிலேயே தெரிந்துவிட்டது. பாடுகிற அந்த அம்மாள் நடுவில் இல்லை. இரண்டு சுவரிலும் அப்பிவைத்த மாவு மாதிரி குரல் பரவிக் கிடந்தது, எங்கே பார்த்துப் பேசுகிறாள் என்றே தெரியாத ஒரு பெண். மிருதங்கத்தில் வலது பக்கம் மட்டும் டக்டக்கென்றது, கனத்த சத்தம் வருகிற தொப்பிப் பக்கம் யாரோ திருடிக்கொண்டு போன மாதிரி காணோம். சிவப்பு கறுப்பில் ஏறிவிட்டிருந்தது. ஒரு பெட்டி முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று அவரே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்து அவள் கேட்டிருக்கிறாள், புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று அந்தப் பாடத்தில் ஒரு ஜோக் வேறு உண்டு. கத்தப்போகிறார் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கத்தவில்லை. எட்டிப்பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு என்னமா வந்து உட்கார்ந்திருக்கா பாரு," என்றார், சுவரைக் காட்டி. சாருமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய் வேறொன்று வந்தது, அது போகவேயில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கான்வென்ட்டில் சிஸ்டர் அல்ஃபோன்ஸா பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டு வரிசையாக வாயைத் திறக்கச் சொல்வாள், இம்மி பிசகினாலும் ஸ்கேல் முட்டியில் இறங்கும், சாருமதியின் முட்டியில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. யூ ஹேவ் அன் இயர், சைல்ட், சங்கீதக் காது உனக்கு, தலைக்கனம் வேண்டாம் என்று அந்த ஸ்கேலாலேயே கன்னத்தைத் தட்டுவாள். அந்தக் காதோடுதான் கல்யாணமாகி இங்கே வந்தாள். வந்த புதிதில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து அருணகிரியின் குரல் வந்தது, தன் அம்மாவையும் தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு: "சாரு, சுருதியே நிக்கலையே உனக்கு, யாரு உன்னைப் பாட்டு கிளாஸ்ல சேர்த்தது?" தங்கை சிரித்தாள். அம்மா, விடுடா பாவம் என்றாள், அந்தப் பாவம்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அன்றைக்குச் சுருதி நிற்காமல் போனது குக்கர் விசில். அதற்கப்புறம் அவள் குளிக்கும்போதுகூடப் பாடவில்லை. அவர் பத்திரிகை வாங்கினார், இங்கிலீஷ் புத்தகம் வாங்கினார், காது என்பது ஒரு தவம் சாரு, அது எல்லாருக்கும் அமையாது என்று சொல்லிச் சொல்லி வயதானார். இப்போது ஒயர் மாறிக் கிடக்கிறது, தவசிக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சரிசெய்திருக்கலாம், செய்யவில்லை. சனிக்கிழமை, நாளைக்குத் தேவசகாயம் வருகிறார் என்று அவர் பெட்டிகளுக்கு மெருகெண்ணெய் போட்டுத் துடைத்தபோது சரிசெய்திருக்கலாம். பின்னால் குனிய அவருக்கு முடியாது, முதுகுத் தேய்மானம், அதனால் அவர் முன்னால் துடைத்தார், அவள் பின்னால் துடைத்தாள். துடைக்கிற துணியில் அந்த ஒயர் உரசிற்று. விட்டுவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. அதே அம்மாள், அதே கல்யாணி ராகம், அதே அப்பிய மாவு. சாருமதி பாட்டைக் கேட்கவில்லை, தேவசகாயத்தின் முகத்தைக் கேட்டாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் புருவம் ஒரு நூல் இறங்கிற்று. தலையை இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார், காதில் தண்ணீர் போனவர் மாதிரி. வந்தாச்சு, பிடித்துவிட்டார் மனுஷன், சொல்லு, வாயைத் திற, எல்லார் முன்னாலும் சொல்லு. அருணகிரி ஆம்பிளிஃபயர் பக்கத்தில் நின்றபடி தேவசகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவு ஒட்டுகிற பலகையைப் பார்ப்பதுபோல. "எப்படி சார்?" என்றார். "ம்," என்றார் தேவசகாயம். மெய்யப்பன், "எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது, அதுவே பெரிய விஷயம்," என்றார். அருணகிரியிடமிருந்து அதற்குப் பதில் இல்லை. மெய்யப்பன் அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தார். மெய்யப்பன் மறுபடியும், "என்னண்ணே, பலகாரம் உண்டா?" என்றார், அதற்கும் இல்லை. கோபமில்லை, அலட்சியமில்லை, அந்த முகத்தில் எதுவுமே இல்லை, பக்கத்தில் ஒருவர் பேசினார் என்பதே இல்லை. வலது பக்கம். சாப்பாட்டு மேஜையில் அவள் உட்காருவது அவருக்கு வலது பக்கம். ரசம் போடட்டுமா என்று கேட்பாள், திரும்பிக் கேட்பாள், பதிலே வராது, ஜெனரல் மேனேஜருக்குப் பதில் சொல்ல வாய் வலிக்கிறது என்று கரண்டியை ணங்கென்று வைப்பாள். எவ்வளவு நாளாக? போன வருஷம் முழுக்க வைத்திருக்கிறாள் கரண்டியை. காரில் மட்டும் அவர்கள் ஒழுங்காகச் சண்டை போட்டார்கள், சொல்லுக்குச் சொல், காரில் அவள் அவருக்கு இடது பக்கம். போனை இடது காதுக்கு மாற்றியது எப்போது? டிவியில் செய்தி வாசிக்கிற பெண் முணுமுணுக்கிறாள் என்று திட்டியது எப்போது? தவசி இல்லை, போலி இல்லை, ஒரு காது போயிருக்கிறது. ஒற்றைக் காதுக்கு நடு ஏது? எந்த ஒயரை எதில் மாட்டினால் அவருக்கென்ன? பிச்சைக்காரன் தட்டில் செல்லாத காசைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவன் குருடன் என்பது தெரியாமல்.

இரக்கம் வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை, வேறொன்று முட்டிக்கொண்டு வந்தது, வராதே என்றாலும் வந்தது. போன மார்ச்சில் அந்த ராத்திரி. மார்பில் கட்டி, மறுநாள் காலை ஊசி குத்தி எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார்கள், அவர் இடது பக்கமாக ஒருக்களித்து, அவளுக்கு முதுகைக் காட்டி. அவள் கூரையைப் பார்த்து, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாயால், "எனக்குப் பயமா இருக்குங்க," என்று சொன்னாள். பதில் வரவில்லை. தூங்கவில்லை அவர், தூங்கினால் குறட்டை வரும், வரவில்லை, கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. விழித்துக்கொண்டே பேசாமல் கிடந்தார். கட்டி ஒன்றுமில்லாத கட்டி என்று ஆனது, அது கரைந்தும் போயிற்று, அந்தப் பேசாமை கரையவில்லை. அதை அவள் பெட்டியில் வைத்த நகை மாதிரி வைத்திருந்தாள். வேண்டும்போது எடுத்துப் பார்ப்பாள். அவர் சிரித்தால் எடுத்துப் பார்ப்பாள், மருந்து வாங்கி வந்து கொடுத்தால்கூட எடுத்துப் பார்ப்பாள், இவ்வளவு செய்கிற நீ அன்றைக்கு ஏன் என்று. இப்போது, இந்த அக்டோபர் புழுக்கத்தில், மின்விசிறி ஓடாத ஹாலில், ஒரு நினைப்பு வந்து நிற்கிறது: இடது பக்கமாக ஒருக்களித்தால் நல்ல காது தலையணைக்குள். மேலே இருந்தது செத்த காது. கேட்கவே இல்லையோ. கேட்கவே இல்லை என்றால் இத்தனை மாதம் அவள் பூட்டிவைத்தது கவரிங்கா? கூடாது. அதை மட்டும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. கேட்டுத்தான் இருப்பார், கேட்டுவிட்டுத்தான் கட்டைவிரலை ஆட்டினார், அவருக்குக் காது இருக்கிறது, மெய்யப்பனின் பலகாரக் கேள்விக்கு யார்தான் பதில் சொல்வார்கள். கேட்டாரா கேட்கவில்லையா, அதை மட்டும் யாராவது சொன்னால் போதும், ஜனவரியும் எழும்பூரும் எக்கேடோ கெடட்டும்.

"சார்," என்றார் தேவசகாயம், ஊசியைத் தூக்கச் சொல்லிக் கை காட்டி. தலைவருக்குரிய குரலில், அளந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இடது பாக்ஸ்ல ஒயர் மாறியிருக்கும்னு தோணுது. பிளஸ் மைனஸ் ஒருக்கா பார்த்துடலாமா?" அருணகிரியின் காதுமடல் சிவந்தது. "நானே மாட்டினது சார். செக் பண்ணித்தான் மாட்டினேன்." "இருக்கட்டுமே, பார்க்கறதுல என்ன?" "பார்க்கலாம், பார்க்கலாம், சாரு, நீ போய்ப் பின்னாடி பாரு, நீதான் அங்கே தூசி தட்டுறேன்னு பூந்து பூந்து வருவே, என்னத்தைப் பிடுங்கினியோ." மெய்யப்பனிடம் திரும்பிச் சிரித்தார்: "கான்வென்ட்ல எல்லாம் சொல்லிக்கொடுத்தாங்க, சிவப்பு எது கறுப்பு எதுன்னு சொல்லிக்கொடுக்கலை." முன்பானால் அதற்கு அவளிடம் பதில் இருந்திருக்கும், சுடச்சுட. இப்போது எழுந்து போனாள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கை நுழைகிற இடம்தான். கன்னத்தைத் தேக்கில் ஒட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள், மெருகெண்ணெய் வாசனை அடித்தது, விரல் இரண்டு திருகையும் தொட்டது. "நீங்களே வந்து உட்கார்ந்து கேளுங்க சார்," என்று தேவசகாயம் எழுந்து அருணகிரிக்கு நாற்காலியைக் கொடுத்தது கேட்டது. நல்லது. ஒரு திருகைத் தளர்த்தினாள். ஒயர் கையோடு வந்தது. இடம் மாற்றிச் செருகினால் அந்த அம்மாள் நடுவில் வந்து உட்காருவாள், தேவசகாயம் தலையாட்டுவார், இவர் ஜனவரியில் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறுவார், பழி மட்டும் தூசி தட்டியவள் மேல், அதுவும் ரெண்டு நாள் ஜோக்கோடு போய்விடும். எல்லோருக்கும் நல்லது. ஆனால் அந்தக் காது கேட்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், இந்த ஒரு திருகைத் தவிர அதைச் சொல்ல யாருமில்லை. எந்தத் திருகிலிருந்து எடுத்தாளோ அதிலேயே ஒயரைச் செருகி இறுக்கினாள். கையை வெளியே எடுத்துத் தூசியைத் தட்டினாள். "மாத்தியாச்சு," என்றாள், அவருடைய இடது பக்கமாக வந்து.

ஊசி இறங்கிற்று. அதே அப்பிய மாவு. ஒரு அட்சரம் மாறவில்லை. தேவசகாயம் கைகட்டி நின்றார். அருணகிரி கண்ணை மூடினார், முகம் மெல்ல மெல்ல அவிழ்ந்தது, நெற்றி, கன்னம், உதடு, ஒவ்வொன்றாக. "ஆ," என்றார். "இப்பப் பாருங்க. நடுவுல. சுவத்துக்கு முன்னாடி. வந்து உட்கார்ந்தாச்சு அம்மா." கையை நீட்டி, இல்லாத ஒரு பெண்ணின் தோள் உயரத்தைக் காட்டினார். மெய்யப்பன் ஜோக்கென்று நினைத்துச் சிரிக்க வாயைத் திறந்தார், தேவசகாயத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை, அப்படியானால் அன்றைக்கும் கேட்கவில்லை. சாருமதி நகர்ந்து அவருக்கு வலது பக்கம் இருந்த சாப்பாட்டு மேஜையோரம் போய் நின்றாள். சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது, அந்த மனுஷன் அன்றைக்கு அவளைக் கைவிடவில்லை, வெறுமனே காது கேட்காமல் படுத்திருந்தான், அவ்வளவுதான். சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது, முன்னைவிட அதிகமாக வந்தது, இத்தனை நாள் கோபப்பட ஒரு காரணம் இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டு இந்த ஆள் கண்ணை மூடி உட்கார்ந்து ஆ என்கிறார். கேட்கவில்லை என்றால் திரும்பிப் படுத்திருக்கலாமே. மறுநாள் ஊசி என்று தெரியும், ஒரு தரம் திரும்பி என் முகத்தைப் பார்த்திருக்கலாமே, அதற்குக் காது எதற்கு? ஆம், அது இருக்கிறது. அதை எந்தக் காது டாக்டராலும் பிடுங்க முடியாது. மூச்சு சீராயிற்று அவளுக்கு. நகை பத்திரம்.

தேவசகாயம் அவள் பக்கம் வந்தார். ஒயரை அவள் தொட்டாளா மாற்றினாளா என்று அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பார்வையில் கண்டிப்பும் இருந்தது, இதில் என்னைக் கூட்டுச் சேர்க்காதே என்பதும் இருந்தது. அருணகிரியின் வலது தோளுக்கு நேரே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தாமல் பேசினார், சோதித்துப் பார்க்கிறவர் மாதிரி. "எவ்வளவு நாளா மேடம் இப்படி?" அருணகிரி கண்ணைத் திறக்கவில்லை. "தெரியலை," என்றாள். "டாக்டர்கிட்ட காட்டுங்க. ஜனவரிக்கு இவர் வேண்டாம். மேடையில எதை மாட்டினாலும் ஆஹான்னு நிப்பார், நம்ம ஆளுங்க பொல்லாதவங்க, சிரிச்சே கொன்னுடுவாங்க. பெட்டி பிரமாதமான பெட்டி. ஆள் வேண்டாம். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." பக்குவமாக. தலைவருக்கு வாய் இருக்கிறது, ஆனால் பக்குவம் வேண்டிய வேலைக்கெல்லாம் மேடம். அருணகிரி கண்ணைத் திறந்தார். தேவசகாயத்தின் உதடு அசைந்து நின்றதைப் பார்த்துவிட்டார். எழுந்திருக்கவில்லை, நாற்காலியின் விளிம்புக்கு வந்தார், பார்வை மட்டும் தேவசகாயத்திடமிருந்து அவளிடம் வந்தது, பள்ளிக்கூடப் பையன் பார்வை. "என்ன சொல்றார், சாரு? சார் என்ன சொல்றார்?"

அவள் இடது பக்கமாக நகர்ந்தாள். வாய் முந்திக்கொண்டது. "எடுத்துக்கிறாராம்," என்று தெளிவாகச் சொன்னாள். "ஜனவரிக்கு உங்களோடதுதானாம். பிரமாதமான பெட்டிங்கறார்." அருணகிரி எழுந்தார், முதுகை மறந்து எழுந்தார், தேவசகாயத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர் முட்டிற்று. தேவசகாயம் அவளைப் பார்த்தார். இப்போது சொல்லட்டுமே, மறுக்கட்டுமே, அவருக்கும் வாய் ஒன்றுதானே, இவர் பிடித்திருக்கிற கையை உதறிவிட்டு அந்த வாயால் சொல்லட்டும். அவள் ஒரு நொடி அதற்காகக் காத்துக்கூட இருந்தாள், அவர் சொல்லிவிட்டால் நல்லது என்று ஒரு மூலையில் வேண்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். தேவசகாயம் தொண்டையைச் செருமினார். அருணகிரியின் இடது காதுப் பக்கம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, "ஆமா சார். ஜனவரி," என்றார். அதற்கப்புறம் அவர் உட்காரவில்லை, கிளம்பிவிட்டார். மெய்யப்பன் மட்டும் லிஃப்ட் கதவு மூடுகிறவரை அவளையே பார்த்துக்கொண்டு போனார், பலகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது அருணகிரி ஹாலின் நடுவில் நின்று, இல்லாத கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மின்விசிறியைப் போட்டாள். காற்று வந்ததும் திரும்பி, "நீ வரணும் சாரு. முன் வரிசையில உட்காரணும். பட்டுப் புடவை கட்டிக்கோ," என்றார். இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டி விஷயத்தில் அவர் அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவள் டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். தட்டை எடுத்துக்கொண்டு அவருடைய வலது பக்கம் போய் நின்றாள். வீட்டுக்கு வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுகிற சிரிப்பு முகத்தில் இருந்தது, குரலும் சாதாரணக் குரல்தான், ரசம் போடட்டுமா என்று கேட்கிற குரல். "எல்லாரும் சிரிப்பாங்க. நான் முன் வரிசையில உட்கார்ந்து பார்ப்பேன்," என்றாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், சிரிப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்படிச் சொல்லு," என்றார்.